அந்த மாத்திரை அட்டையைச் சித்தியிடம் கொடுத்துவிடுங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மலர் எழுதுகிறேன். "பையில் ஊதுவதெல்லாம் ஒரு டெஸ்டா? ரத்தம் எடுத்துப் பார்க்கத் தெரியாதா?" என்று டாக்டரிடம் கோபப்பட்டீர்களாம். சித்தி போனில் சொன்னார்கள். லேபில் தினமும் நான் செய்கிற வேலையே அந்த ஊதுகிற டெஸ்ட்தான், சித்தப்பா.

உங்கள் வயிற்றில் தேடுவது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை. வயிற்று அமிலத்தில் அது சாகாமல் இருப்பதற்குக் காரணம் யூரியேஸ் என்ற நொதி. அதைக் கொண்டு யூரியாவை உடைத்து, தன்னைச் சுற்றி அம்மோனியாவைப் போர்த்திக்கொள்ளும். உடையும்போது கரியமில வாயுவும் வரும். நம் உடம்புக்கு அந்த நொதி கிடையாது. அதனால் கார்பன்-13 சேர்த்த யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, அரைமணி கழித்து ஊதச் சொல்வோம். (உர மூட்டை யூரியாவேதான், ஆனால் ஒரு சிட்டிகைகூட வராது.) கிருமி இருந்தால் அந்தக் கார்பன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வந்துவிடும்.

கார்பன்-13 சாதாரணக் கார்பனைவிடச் சற்றுக் கனம், அவ்வளவுதான். கதிர்வீச்சு இல்லை. எல்லோர் மூச்சிலும் நூற்றில் ஒரு பங்கு அந்த ரகம் இருப்பதால், குடிப்பதற்கு முன்பும் ஒரு பை ஊத வேண்டும். கனமான வாயு அகச்சிவப்பு ஒளியைச் சற்றே வேறு அலைநீளத்தில் உறிஞ்சும். அதை வைத்துக் கருவி இரண்டு பைகளையும் ஒப்பிடும். குந்துமணி எடை கூடினாலும் கையிலேயே கண்டுபிடிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரத்தத்தில் தெரிவது கிருமி அல்ல, அதற்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருள். கிருமி ஒழிந்து பல மாதமானாலும் அது இருக்கும். காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரின் பெயர்ப்பலகையைப் பார்த்து வாடகை கேட்கலாமா?

1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வயிற்றில் அழற்சி. 2005இல் அவரோடு ஆய்வு செய்த ராபின் வாரனோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். உங்களுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் நிறுத்தச் சொன்ன பான்டோப்ரசோல் மாத்திரையை நீங்கள் ஒளித்துவைத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். அது கிருமியை அடக்கிவைக்கும். இருக்கிற கிருமியையும் இல்லை என்று கருவி சொல்லிவிடும். இரண்டு வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் என்றால் நான்கு வாரம்.

பட்டறைப் பெட்டியில், பொடி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிற அட்டையை இன்றே சித்தியிடம் கொடுத்துவிடுங்கள். நெஞ்செரிச்சல் தாங்காவிட்டால் டாக்டரைக் கேளுங்கள், பெட்டியைத் திறக்காதீர்கள். டெஸ்ட் அன்று காலையில் காபியும் கூடாது, வெறும் வயிற்றோடு வாருங்கள்.

அன்புடன்,
மலர்