கேடியும் நானும் ஒரு கோல்ஃப் கிளப்பும்

எழுதி ரொம்ப நாளாச்சு. இயர் எண்டிங், அதுக்குப் பின்னாடியே ஆடிட், நடுவுல பொண்ணோட பரீட்சைன்னு காரணத்துக்கா பஞ்சம். இன்னைக்கு எழுத உட்கார வெச்சது ஒரு கோல்ஃப் கிளப்பின் விண்ணப்பப் படிவம். சிரிக்காதீங்க. நானும் முதல்ல சிரிச்சவன்தான்.

குன்னூரில் பிறந்து வளர்ந்தவன் நான். வெலிங்டன் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் ஸ்கூல் நாட்களிலிருந்தே பழக்கம், ஆனா வேலிக்கு வெளியிலிருந்துதான். பட்டாளத்து ஆபீசர்கள் அடிக்கும் பந்து எப்போதாவது தாண்டி வந்து விழும். எடுத்துக் கொடுத்தால் எட்டணா கிடைக்கும். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அப்பாவிடம் உதை கிடைக்கும். கோல்ஃப் பற்றிய என் மொத்த அறிவும் அவ்வளவுதான். பி.காம் முடித்து பேங்கில் சேர்ந்த பிறகு தன்பாத், முசாஃபர்பூர், புவனேஸ்வர், ஜெய்ப்பூர் எனச் சுற்றி இப்போது நொய்டாவில் இருக்கிறேன். ஆபீசுக்குப் போகிற ப்ளூ லைன் மெட்ரோவில் 'கோல்ஃப் கோர்ஸ்' என்றே ஒரு ஸ்டேஷன் வரும். தினமும் அதைத் தாண்டிப் போனாலும் ஒருநாளும் இறங்கிப் பார்க்கத் தோன்றியதில்லை.

எல்லாம் மாறியது 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை விடிகாலையில். டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், உலக ரேங்கிங்கில் 200வது இடத்தில் இருந்தவர், கடைசி நாள் வரைக்கும் பதக்கத்துக்குப் போட்டியில் நிற்கிறார். பேர்டின்னா என்ன, போகின்னா என்னன்னு தெரியாத ஜனம் பூரா டிவி முன்னாடி. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்போது அஞ்சாம் கிளாஸ் படித்த என் பொண்ணு ஒரு கையில் பூஸ்ட், இன்னொரு கையில் செல்போனில் கூகுள் என்று எனக்கு ரன்னிங் கமெண்டரி கொடுத்துக் கொண்டிருந்தாள். அதிதியின் பையைத் தூக்கி வந்தது அவருடைய அம்மா. "அம்மாதான் கேடி" என்று அவள் சொன்னதும் தங்கமணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். நம்மூர் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோவோடு ஒட்டி வைத்திருப்பார்களே, அந்தக் கேடியைத் தவிர வேறு கேடி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது!

அதிதி ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தை விட்டு நாலாவதாக வந்தார். என் பொண்ணு அழுதாள். சரி, ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. ஸ்கூல் சம்மர் கேம்ப், அப்புறம் டிரைவிங் ரேஞ்சில் வாளிக் கணக்கில் பந்து, அப்புறம் ஒரு கோச். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். போன தீபாவளிக்கு என்ன டிரெஸ் வேண்டும் என்று கேட்டால், செகண்ட் ஹேண்டில் ஒரு செவன் அயர்ன் கேட்கிறாள். பட்டுப் பாவாடையை விட அது மலிவு என்று அன்றைக்கு எனக்கு சந்தோஷம்தான்.

வந்தது வினை கோச் வடிவில். "ரேஞ்சில் அடிச்சது போதும் சார், இனி மைதானத்துல ஆடணும். ஏதாவது மெம்பர்ஷிப் பாருங்க" என்றார்.

டெல்லி கோல்ஃப் கிளப்பை விட்டுவிடுவோம். முகலாயர் காலத்துக் கல்லறைகளுக்கு நடுவே மயில்கள் உலாவ ஆடுகிற இடம். அங்கே மெம்பராகக் காத்திருக்கும் பட்டியல் பல பத்து வருஷ நீளம் என்று பேப்பர்களில் எத்தனையோ தடவை வந்தாச்சு. இன்றைக்கு எழுதிப் போட்டால் என் பேரனுக்குக் கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 1965இல் பில்லூ சேத்தி என்ற அமெச்சூர் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். அதற்குப் பிறகு 26 வருஷம் எந்த இந்தியரும் அதை ஜெயிக்கவில்லை. 1991இல் இதே டெல்லி மைதானத்தில் ஜெயித்தவர் அலி ஷேர். கேடியாக இருந்து ஆட்டக்காரர் ஆனவர். கொல்கத்தாவில் சௌராஸியா கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். 2016, 2017 என்று வரிசையாக இரண்டு வருஷம் இந்தியன் ஓப்பன் ஜெயித்தார். அவருடைய அப்பா அந்த கிளப்புக்கு எந்த என்ட்ரன்ஸ் ஃபீயும் கட்டியிருக்க மாட்டார்.

எனக்கு முன்னால் இருந்தவை இரண்டு. ஒன்று, என்சிஆரில் ஒரு தனியார் கிளப் (பேர் வேண்டாமே). மற்றது பிராஞ்சுக்கே வந்து ஒரு பையன் காட்டிய 'நேஷனல்' மெம்பர்ஷிப் கார்டு. ஒரே கார்டு, நாடு முழுக்க மைதானங்கள். "சார், உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வேலை, இது உங்களுக்குன்னே செஞ்சது!" என்றான். ஒரு நிமிஷம் எனக்கே புல்லரித்தது. இத்தனை வருஷமாக நான் மற்றவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தள்ளிவிட்டது இப்படித்தானா என்று அப்புறம்தான் உறைத்தது.

முதலில் கிளப். எண்களைக் கணக்கு வசதிக்காக முழுசாக்கிச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். என்ட்ரன்ஸ் ஃபீ 3 லட்சம், திரும்பக் கிடைக்காது. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 54,000. வருஷ சந்தா 24,000, ஜிஎஸ்டியோடு 28,320. மாசம் இரண்டு ஞாயிறு என்றால் வருஷத்துக்கு 24 ஆட்டம். எனக்கு இங்கே மிச்சம் இருப்பது அதிகபட்சம் இரண்டு வருஷம். ஆக மொத்தம் 4,10,640 ரூபாய், 48 ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு 8,555 ரூபாய். கேடி கூலி, டீ, சமோசா எல்லாம் தனி.

இதே கிளப்பில் எங்கள் அபார்ட்மெண்ட் பஞ்சாபி அங்கிள் சேர்ந்தால்? சொந்த வீடு, சொந்த வியாபாரம், எங்கும் போகப் போவதில்லை. 20 வருஷத்துக்கு 9,20,400 ரூபாய், 480 ஆட்டம். ஆட்டத்துக்கு 1,917 சொச்சம். சந்தா ஏறும்தான், ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். அதே புல், அதே குழி, அவருக்கு ஒரு விலை, எனக்கு நாலு மடங்குக்கு மேல். என்ட்ரன்ஸ் ஃபீ என்பது ஊரோடு ஒட்டிக்கொண்டவர்களுக்காகப் போட்ட விலை. மூணு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டுகிறவன் அதில் அவர்களுக்கு மானியம் கொடுக்கிறான். இது எனக்கு உறைக்க பேங்கில் 20 வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேவைப்பட்டது.

சில கிளப்களில் 'டெனியூர்' மெம்பர்ஷிப் என்று ஒன்று உண்டு. இரண்டு, மூணு வருஷத்துக்கு மட்டும். டிரான்ஸ்ஃபர்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்றால் 'எப்போது' என்று கேளுங்கள். அடுத்த மெம்பர் சேர்ந்த பிறகு என்று சின்ன எழுத்தில் இருக்கலாம். 5 லட்சம் டெபாசிட்டுக்கு 7 சதவீதம் என்றாலும் வருஷம் 35,000 வட்டி போச்சு, அதுவும் ஒரு சந்தாதான். பிள்ளைகள் எந்த வயசு வரை உங்கள் கணக்கில் ஆடலாம், சனி ஞாயிறு காலையில் ஜூனியர்களை விடுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நான் பார்த்த கிளப்பில் வார இறுதிக் காலை பெரியவர்களுக்கு மட்டும். ஸ்கூல் போகிற பிள்ளை பின்னே எப்போது ஆடும்? (2014இல் வேட்டிக்காகத் தமிழ்நாட்டில் சட்டமே போட்டார்கள். இங்கே காலர் இல்லாத டீ-ஷர்ட்டுக்கே என்னை ரிசப்ஷனில் நிறுத்திவிட்டார்கள். அது வேறு கதை.)

அடுத்து அந்த நேஷனல் கார்டு. அதற்கு ஒரு பரீட்சை வைத்தேன். இதுவரை எனக்குப் போஸ்டிங் கிடைத்த அஞ்சு ஊர்களை எழுதி, அவர்கள் லிஸ்டோடு டிக் அடித்தேன். இரண்டு ஊர்தான் தேறியது. லிஸ்டில் பாதி டெல்லியைச் சுற்றி, மீதி பெங்களூர், பூனா பக்கம். அதிலும் மாசம் ஒரு இலவச ஆட்டம், வார நாட்களில் மட்டும். பொண்ணுக்குத் தனி கார்டு.

யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். இந்தியாவில் கோல்ஃப் போனது வெள்ளைக்காரனின் தேயிலை, எண்ணெய், கன்டோன்மென்ட் போன வழியில். பிறகு டாடாவின் எஃகு. ஜோர்ஹாட் ஜிம்கானா 1876இல் வந்தது, பெங்களூர் கோல்ஃப் கிளப் வந்த அதே வருஷம். ஜாம்ஷெட்பூரில் பெல்டி, கோல்முரி என்று இரண்டு மைதானம். ஷில்லாங்கில் பைன் மரங்களுக்கு நடுவே ஒன்று, திக்பாயில் எண்ணெய்க் கம்பெனி புண்ணியத்தில் ஒன்று. நம் ஆட்கள் 'தண்ணியில்லாக் காடு' என்று அழுதுகொண்டு போகிற போஸ்டிங் ஊரில்தான் மைதானம் பக்கத்திலேயே, கூட்டமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த ஊர்கள் எதுவும் பையனின் கார்டில் இல்லை.

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகும் ஒருநாள் ராத்திரி நான் கிளப் ஃபாரத்தை நிரப்பினேன் என்றால் நம்புவீர்களா? கோச் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். "ஹேண்டிகேப் பொதுவா கிளப் வழியாத்தான் வரும் சார், அது இல்லாம டோர்னமெண்ட் கஷ்டம்." ஊரில் அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று ஒரு எஃப்டி போட்டு வைத்திருந்தேன். 3,60,000. என்ட்ரன்ஸ் ஃபீக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த மாதிரி. அம்மாவும் போனில் "இப்ப பரவால்லடா, தைலம் தேய்ச்சா குறைஞ்சிருது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பரவாயில்லை என்று அம்மா சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்வது எவ்வளவு சவுகரியம்!

தங்கமணி ஒன்றும் சொல்லவில்லை. எஃப்டி ரசீதை எடுத்து ஃபாரம் மேலே வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

காலையில் பொண்ணு வந்து, "அப்பா, எனக்கு கோல்ஃப் வேண்டாம்பா. போர்டு எக்ஸாம் வருதுல்ல" என்றாள். ராத்திரி நாங்கள் பேசியது கேட்டிருக்கிறது. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. பேங்கில் எத்தனையோ பேருக்கு லோன் இல்லை என்று கண்ணைப் பார்த்துச் சொன்னவன், அன்றைக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

வழி காட்டியது மலை மந்திரில் பிரசாத வரிசையில் பின்னால் நின்ற ஒரு ரிட்டயர்டு சார். திருநெல்வேலிக்காரர். "தம்பி, லாடோ சராயில டிடிஏவோட குதுப் கோல்ஃப் கோர்ஸ் இருக்கே, பாத்தியளா? மெம்பரா இல்லாட்டியும் காசு கட்டி ஆடலாம்லா" என்றார். அரசாங்கத்தின் டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் பொது மைதானம். 18 குழி, பக்கத்திலேயே குதுப் மினார். வடக்கே பால்ஸ்வா ஏரிக்கரையிலும் அவர்களுக்கே ஒன்று. ஆடுகிற அன்றைக்கு மட்டும் காசு. ஆட்டத்துக்கு 8,555க்குக் கீழே எதுவாக இருந்தாலும் எனக்கு லாபம் என்று கையில் கணக்கு ரெடியாக இருந்ததே! போய் விசாரித்தேன், எங்கேயோ கீழே. ஹேண்டிகேப்பை அவள் முதலில் 18 குழியையும் ஒழுங்காக ஆடி முடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். 2020லிருந்து உலகம் பூரா ஒரே ஹேண்டிகேப் முறை என்பதால், எந்த ஊரில் தொடங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.

இப்போது மாசம் இரண்டு ஞாயிறு, விடிகாலை இருட்டில் கிளம்புகிறோம். வண்டியில் தெர்மாஸில் காபி, இட்லி மிளகாய்ப்பொடி. ரூல்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், எங்களிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏழு இருக்கிறது. பையை நான்தான் தூக்குகிறேன். "கேடி, அந்த வெட்ஜை எடு" என்று அவள் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது, தங்கமணி மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பந்து மரத்தடிக்குள் போனால் தேடி எடுப்பதும் நான்தான். அந்த விஷயத்தில் எனக்குச் சின்ன வயசிலிருந்தே டிரெயினிங் உண்டு.

அம்மாவுக்கு கோயம்புத்தூரில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார். டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் இன்னும் வரவில்லை. இந்த முறை விருப்ப ஊர்களில் ஜாம்ஷெட்பூர் என்று எழுதிக் கொடுத்தேன், ஹெச்ஆரில் ஒருத்தர் போன் போட்டு "தெரிஞ்சுதான் எழுதினீங்களா சார்?" என்று கேட்டார்.

கார்டு பையன் நேற்றும் கூப்பிட்டான். இப்போது ஃபேமிலி பிளான் வந்திருக்கிறதாம்.