சுழல்காற்றைக் கூண்டில் அடைத்தவர்

சென்ற தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையாகும் ஒரு கனவான் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். முகூர்த்தத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறதென்று ஒரு பாட்டியம்மாள் அவரை விசாரித்தாள். அவர் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, "எட்டே கால், பாட்டி" என்றார்.

மணி பார்க்க உதவாத கடியாரத்தை ஒரு மனிதர் எதற்காகக் கட்டிக்கொள்ள வேண்டும்? மெல்ல எட்டிப் பார்த்தேன். அந்தக் கடியாரத்துக்கு முகமே இல்லை! எண்கள் பொறித்த தகட்டை எடுத்துவிட்டார்கள். அதன் அடியில் இருக்க வேண்டிய பித்தளைத் தகட்டையும் கொடி கொடியாக அறுத்துத் தள்ளிவிட்டார்கள். பல்சக்கரங்களுக்கு ஊடே அவருடைய மணிக்கட்டின் ரோமம் தெரிந்தது. ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில் சிலந்தி போன்ற ஒரு சிறு கூண்டு தானே சுழன்றுகொண்டிருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "கையில் வாங்கிப் பாருங்கள், சார்" என்று கழற்றிக் கொடுத்தார். விலையை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். என்னுடைய பத்து வருஷச் சம்பளம்! வலது கைக்கு அடியில் இடது கையையும் கொடுத்துப் பிரசாதம் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாகப் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறேன். 'டூர்பியான்' என்னும் இந்த யந்திரத்தைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோதெல்லாம், "பணக்காரர்களின் பம்பரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளியிருக்கிறேன். பையன்களும் சிரித்திருக்கிறார்கள். அன்று பத்து நிமிஷம் அதைக் கையில் வைத்திருந்த பிறகு, அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை.

டூர்பியான் என்றால் பிரெஞ்சில் சுழல்காற்று. அது எதற்கு என்பதை விளக்க என் தகப்பனாரின் கடியாரம் போதும். அது எச்.எம்.டி. கடியாரம், தினம் சாவி கொடுக்க வேண்டியது. அதை இரவில் மேஜைமேல் மல்லாக்கப் படுக்க வைத்தால் காலையில் சற்று முந்தியிருக்கும். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் பிந்தியிருக்கும். ஒரு வாரம் பையன்களைக் கொண்டு குறித்து வைத்துப் பார்த்திருக்கிறேன். காரணம் பூமியின் ஆகர்ஷணம். கடியாரத்தின் இருதயம் பாலன்ஸ் சக்கரம். ஹேர் ஸ்பிரிங் என்னும் மயிரிழைச் சுருளின் உதவியால் அது இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அந்தச் சக்கரத்தின் ஒரு பக்கம் அணுவளவு கனத்திருந்தால், படுத்திருக்கும்போது பாதகமில்லை. நிமிர்த்தி வைத்தால் கனத்த பக்கம் கீழே இழுக்கும். ஆட்டத்தின் காலம் மாறும். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பத்து விநாடி பிசகு என்றால் 8,640-ல் ஒரு பங்குதான். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு பிசகோடு வேலை செய்கிறோம் என்று கேட்காதீர்கள். கடியாரத்துக்கு அது பிசகுதான்.

ஆப்ரஹாம் லூயி பிரகே என்பவர் 1747-ல் ஸ்விட்ஸர்லாந்தின் நூஷாடெலில் பிறந்து, பாரிஸில் கடை வைத்தவர். ஹேர் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றை மேலே தூக்கி உட்புறமாக வளைத்துவிட்டால் சுருள் ஒரே சீராக மூச்சு விடும் என்று 1795-ல் செய்து காட்டியவரும் அவரே. அந்தக் காலத்துக் கனவான்கள் கடியாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். நாள் பூராவும் அது செங்குத்தாகவே நின்றது. ஆகர்ஷணத்தை ஒழிக்க முடியாது. பிரகேயும் அதற்கு முயலவில்லை. பாலன்ஸ் சக்கரம், ஹேர் ஸ்பிரிங், அதற்கு உந்துதல் கொடுக்கும் எஸ்கேப்மெண்ட் எல்லாவற்றையும் ஒரு கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டையே சுழல விட்டார். கனத்த பக்கம் ஒரு சமயம் கீழே இருந்தால் சற்று நேரத்தில் மேலே போய்விடும். ஒரு பாதிச் சுற்றில் முந்தியது மறு பாதியில் பிந்தும். சுற்று முடிந்ததும் கணக்கு நேராகிவிடும். வீட்டுச் செலவில் நான் எத்தனையோ தடவை செய்ய முயன்று தோற்ற கணக்கு இது! 1801-ம் வருஷம் ஜூன் 26-ந் தேதி பிரெஞ்சு சர்க்கார் அவருக்கு இதற்கான பேடண்ட் வழங்கிற்று. அவர் 1823-ல் காலமாகும் வரையில் விற்ற டூர்பியான்கள் நாற்பதுக்கும் குறைவு.

அவற்றில் முதலாவது விற்கப்படவில்லை. லண்டனில் ஜான் அர்னால்டு என்ற கடியார மேதை இருந்தார். பிரகேக்கும் அவருக்கும் ஆழ்ந்த சிநேகம். ஒருவர் மகன் மற்றவர் பட்டறையில் தொழில் கற்றான். அர்னால்டு 1799-ல் இறந்துபோனார். பிரகே தம் முதல் டூர்பியானை, அர்னால்டின் ஆரம்பகாலக் கடியாரம் ஒன்றுக்குள்ளேயே பொருத்தி, நண்பரின் நினைவுக்குத் தம் வணக்கம் என்று அதில் பொறித்து, 1808-ல் அவர் மகனுக்குக் கொடுத்தார். அந்த வருஷத்தை யோசித்துப் பாருங்கள். நெப்போலியனின் பிரான்ஸும் இங்கிலாந்தும் ஒன்றையொன்று பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்த காலம்! அந்தக் கடியாரம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கிறது.

கூண்டு இப்படி. எலும்புக்கூட்டின் கதை வேறு. தகட்டிலே நுண்ணிய துளை போட்டு, அதற்குள் நூல் போன்ற ரம்பத்தைக் கோத்து, வேண்டாத உலோகத்தையெல்லாம் அறுத்தெடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. ஒரு மயிரிழை அதிகம் அறுத்தால் பாலம் தளர்ந்து, சக்கரத்தின் அச்சு சாய்ந்துவிடும். அறுப்பதை இப்போது பல பட்டறைகளில் யந்திரமே செய்துவிடுகிறது. ஆனால் அறுத்த விளிம்புகளை எல்லாம் சாய்வாகச் சீவி, கண்ணாடியாக மெருகேற்றுவது உயர்ந்த பட்டறைகளில் இன்றும் கைவேலைதான். இரண்டு விளிம்புகள் உட்புறமாகச் சந்திக்கும் கூர்மூலையை மட்டும் சுழலும் கருவியால் செய்ய முடியாது; அது மூலையை உருட்டிவிடும். அரத்தைக் கையில் பிடித்த மனிதன்தான் அங்கே நுழைய முடியும். ஸ்விட்ஸர்லாந்தின் ழூ பள்ளத்தாக்கில், ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் தண்டைக் காயவைத்துச் சீவி, அதனால் மெருகேற்றுகிறார்கள். பனிக்காலத்தில் மாடும் வயலும் சும்மா இருக்கும்போது குடியானவர்கள் வீட்டுச் சன்னலோரத்தில் உட்கார்ந்து கடியாரப் பாகங்கள் செய்த பிரதேசம் அது.

அந்தக் கனவானின் கடியாரத்தில் ஒரு பாலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கூர்மூலைகளைப் பதினொன்று வரையில் எண்ணினேன். அதற்குள் நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகிவிட்டார்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கைக்கடியாரத்துக்கு டூர்பியான் அவசியமில்லை. கை ஓயாமல் திசை மாறுகிறது. கூண்டு செய்ய வேண்டியதில் பாதியைக் கையே செய்துவிடுகிறது. 1969-ம் வருஷம் கிறிஸ்துமஸன்று ஜப்பானில் ஸெய்கோ கம்பெனியார் குவார்ட்ஸ் கைக்கடியாரத்தை வெளியிட்டார்கள். மாதத்துக்கு ஐந்து விநாடிக்குள்தான் பிசகு என்று சொல்லி விற்றார்கள். துல்லியம் என்ற பந்தயத்தில் பிரகேயின் கூண்டு தோற்றது அன்றைக்கே. ஆகவே நான் வகுப்பில் சொன்னது முழுப் பொய் அல்ல. ஆனால் அந்தப் பதினொரு மூலைகளையும் பார்க்காமல் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பாய் வீட்டுக்குப் போனேன். பாய் எங்கள் ஊர்க் கடைவீதியில் நாற்பது வருஷம் கடியாரம் பழுது பார்த்தவர். என் பத்தாவது வயதில், அப்பாவின் கடியாரத்தைப் பேனாக்கத்தியால் நெம்பித் திறந்து, உள்ளே துடிப்பது உயிர்தானா என்று ஊக்கால் தொட்டுப் பார்த்தேன். துடிப்பு நின்றுவிட்டது. ஹேர் ஸ்பிரிங் கோணிவிட்டது. அப்பா அடிக்கவில்லை. பாய் கடைக்கு அழைத்துப் போய், "என்ன செய்தாய் என்று நீயே சொல்" என்றார். சொன்னேன். பாய் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, இரண்டு சிமிட்டாக்களால் அந்தச் சுருளைச் சுற்றுச் சுற்றாக நிமிர்த்தினார். நடுவில் ஒருமுறை லென்ஸை என் கண்ணில் வைத்துக் காட்டினார். நான் பௌதிகம் படித்ததற்கு அதுதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். கூலி வாங்கிக்கொண்டாரா என்பது ஞாபகமில்லை.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. கடை செல்போன் கடையாகிவிட்டது. டூர்பியானைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், ஒருநாளும் பார்த்ததில்லை. நான் எல்லாவற்றையும் வர்ணித்தேன். கூண்டு சுழல்வதை என் விரலால் அவர் உள்ளங்கையில் வரைந்து காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஹேர் ஸ்பிரிங் தெரிந்ததா, தம்பி?" என்றார்.

"தெரிந்தது, பாய்."

"கடைசிச் சுற்று மேலே தூக்கி வளைத்திருந்ததா, தட்டையா இருந்ததா?"

நான் விழித்தேன். அதை நான் கவனிக்கவேயில்லை.

"பத்து நிமிஷம் கையில் வைத்திருந்தாயே, தம்பி!" என்றார் பாய்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் விலாசம் வாங்கி அந்தக் கனவானுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பாய் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்.