முட்டைக்குள் ஊசி

1983-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, புதன்கிழமை, நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்களில் பலர் அன்று பிறந்திருக்கவே மாட்டீர்கள். மூத்தவர்களுக்கும் தேதி மறந்திருக்கலாம். ஆனால் "அட்ரியான் லிம் தீர்ப்பு" என்று சொன்னால் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் இருந்தவர்களுக்குச் சட்டென்று நினைவு வந்துவிடும்.

நான் சிராங்கூன் ரோட்டை அடுத்த டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். வயது இருபது. என் சட்டைப் பையில் முதலாளியிடம் சம்பள முன்பணமாக வாங்கிய 350 வெள்ளி இருந்தது. அந்தப் பணம் எதற்கு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் வழக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. 1981 ஜனவரியில் தோ பாயோ லோரோங் 7-இல் ஓர் அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கி அருகே 9 வயதுச் சீனச் சிறுமியின் உடல் ஒரு பைக்குள் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து அதே வட்டாரத்தில் 10 வயது மலாய்ச் சிறுவனின் உடல் மரத்தடியில் கிடந்தது. போலீசார் இரத்தச் சொட்டுகளைப் பின்பற்றிப் போய் 12-ஆம் புளோக்கின் ஏழாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உள்ளே இருந்தவன் அட்ரியான் லிம். சாமி ஆடுகிறேன், நோய் தீர்க்கிறேன், பேய் விரட்டுகிறேன் என்று பெண்களை ஏமாற்றிப் பிழைத்தவன். அவன் மனைவி தான் முய் சூவும், கூட வாழ்ந்த ஹோ கா ஹோங் என்ற பெண்ணும் அவனுக்குத் துணை. ஒரு பெண் கொடுத்த புகாரில் போலீஸ் தன்னைப் பிடித்த ஆத்திரத்தில் இந்தப் பச்சைக் குழந்தைகளைக் கொன்றிருக்கிறான்.

அவன் வீட்டுப் பீடத்தில் காளியின் உருவமும் இருந்தது. நம் ஆட்களுக்கு அது பொறுக்கவில்லை. வீரமாகாளியம்மன் கோயில் நாங்கள் வேலை செய்த இடத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். "எங்கள் ஆத்தாள் பேரைக் கெடுத்தானே பாவி" என்று மாவு அரைக்க வரும் பெண்கள் வயிறெரிவார்கள். தீர்ப்புச் சொன்ன இரு நீதிபதிகளில் ஒருவர் சின்னத்துரை. தான் முய் சூவுக்காக வாதாடியவர், 1981-இல் அன்சன் தொகுதியில் வென்ற ஜே.பி. ஜெயரத்தினம். சாட்சி சொன்ன மனநல மருத்துவர்களில் ஒருவர் நாகுலேந்திரன். இப்படி நம்மவர் பெயர்கள் அடிபட்டதும் நாங்கள் ஆவலாகப் படித்ததற்கு ஒரு காரணம்.

விசாரணை மார்ச் 25-இல் தொடங்கி 41 நாள் நடந்தது. மில்லில் மூட்டை தூக்கும் நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் தேநீர் நேரத்தில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை உரக்கப் படிப்பார். ஒரு நாள் அவர் முட்டை வித்தையைப் படித்தார். தையல் ஊசிகளை மெழுகுவர்த்திச் சுடரில் கருக்கி, பச்சை முட்டைக்குள் நுழைத்து, துளையைப் பவுடர் வைத்து அடைத்துவிடுவானாம். பிறகு அந்த முட்டையை நோயாளியின் உடம்பைச் சுற்றித் தடவி உடைத்துக் காட்டுவானாம். கறுப்பு ஊசி விழுந்ததும் செய்வினை என்று நம்பிவிடுவார்களாம். ஹோ கா ஹோங்கின் தாயாரும் அந்த முட்டையில் மயங்கியவர்தானாம்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கையிலிருந்த தேநீர் இறங்கவில்லை.

கூலாய் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் என் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். அப்பா இல்லை. அம்மா பால்மரம் வெட்டினார். தங்கைக்குப் பதினான்கு வயதில் வலிப்பு வந்தது. பெரட்டுக்குப் போகிற நேரத்தில் வாசலிலேயே விழுந்துவிடுவாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சாமியாடி வந்தார். நம் தமிழர்தான். நெற்றி நிறைய விபூதி, கவுச்சி தொடாதவர். அவரும் முட்டையைத்தான் சுற்றினார். உள்ளே ஏழு ஊசிகள். நானே கண்ணால் பார்த்தேன். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய பூசை, 350 வெள்ளி கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்த ஆள் வேறு, நம்ம சாமி வேறு" என்று என்னை நானே தேற்றிக்கொண்டு முன்பணமும் வாங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் வேண்டுமென்று ஏமாற்றுகிறார் என்று நினைக்கப் பயமாக இருந்தது. அவரே அருள் வந்து நம்பித்தான் செய்கிறார் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் தீர்ப்பு வந்தது. பாடாங் எதிரே உயர்நீதிமன்றத்தின் முன்னால் பெருங்கூட்டம். வேடிக்கை பார்க்கப் போன ஒரு பூக்கடைப் பையன் மூச்சிரைக்க ஓடிவந்து, "மூணு பேருக்கும் தூக்கு!" என்றான். மில் இயந்திரத்தை நிறுத்திவிட்டோம். ஆளுக்கு ஆள் பேசினார்கள். ஒரு அம்மா தேக்கா மார்க்கெட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

மறுநாள் பெரியவர் விவரம் படித்தார். கொன்றதை மூவரும் மறுக்கவில்லை. மனநிலை சரியில்லாமல் செய்தார்கள் என்பதுதான் அவர்கள் தரப்பு வாதம். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. தீர்ப்பைக் கேட்ட அட்ரியான் லிம் சிரித்தபடி நீதிபதிகளுக்கு நன்றி சொன்னானாம். பெரியவர் பத்திரிகையை மடித்துக்கொண்டே, "ஊசியைக் கருக்கும்போது எந்தச் சாமிடா வந்திருக்கும்? அப்போ புத்தி நல்லாத்தானே இருந்திருக்கு?" என்றார்.

அவர் சொன்னது அட்ரியான் லிம்மை. எனக்கு உறைத்தது வேறு இடத்தில். எங்கள் வீட்டு ஏழு ஊசிகளையும் யாரோ முதல் நாளே உட்கார்ந்து கருக்கித்தானே இருக்க வேண்டும்?

அன்று மாலையே குயின் ஸ்திரீட்டில் ஜொகூர் பாரு பஸ் ஏறினேன். பையில் ஆறு முட்டை, ஒரு மெழுகுவர்த்தி, தையல் ஊசி ஒரு கட்டு. எல்லையில் சுங்க அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீடு சேரும்போது இருட்டிவிட்டது. அம்மா முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினேன். மூன்று முட்டை உடைந்து பாழாயிற்று. நாலாவது சரியாக வந்தது. கையில் கொடுத்தேன். துளை தெரியவில்லை.

அம்மா கோபப்பட்டார். சாமியாடியின் மேல் அல்ல, என் மேல். "அப்படின்னா அவர் வந்து போன பிறகு ரெண்டு மாசம் புள்ளைக்கு வலிப்பு வரலையே, அது எப்படிடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வலிப்பு சிலருக்குச் சொல்லாமல் வரும், சொல்லாமல் விட்டிருக்கும் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அம்மா அன்றிரவு என்னோடு பேசவில்லை. ஆனால் முட்டையைத் தூக்கிப் போடவும் இல்லை. சாமிப் படத்தடியில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். அம்மா எழுந்து நின்று, கோப்பி கலக்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்த முட்டையைக் கொண்டுவந்து எதிரே வைத்து, "என் மகன் கொண்டாந்தான் சாமி. உடைக்காம இதுக்குள்ள என்னா இருக்குன்னு சொல்லுங்க" என்றார். அவர் முட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இன்று நேரம் சரியில்லை என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் பிறகு எங்கள் லயத்துப் பக்கம் வரவில்லை.

அந்த 350 வெள்ளியில் தங்கையை ஜொகூர் பாருவில் டாக்டரிடம் கொண்டுபோனோம். பல வருடம் மாத்திரை சாப்பிட்டாள். இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அம்மாவின் தோடு திரும்பவில்லை.

1988 நவம்பர் 25-இல் மூவரையும் தூக்கிலிட்டார்கள். ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அந்தப் புள்ளைங்களைப் பெத்தவங்களுக்குச் சொல்லிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தங்கை இப்போதும் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கடைக்காரர்கள் அழுகலைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.