ஓட்டைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது!

‘‘பழைய வீடு ஒண்ணு வாங்கி, சரிபண்ணி வாடகைக்கு விடப்போறேன்’’ என்று நான் சொன்னதும் என் கணவர் கேட்ட ஒரே கேள்வி, ‘‘பேங்க்ல போட்டா தூங்குற நேரத்துலயும் வட்டி வருமே, உனக்கு எதுக்கு இந்த வேலை?’’

நான் பள்ளி ஆசிரியை. பாகூரில் குடியிருக்கிறோம். 20 வருடச் சேமிப்பும், அம்மா கொடுத்த நகையில் ஒரு பங்கும் கையில் இருந்தன. மகள் கல்லூரிக்குப் போகும்போது மாதாமாதம் ஒரு வருமானம் வரவேண்டும் என்பது என் கணக்கு. வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், திண்ணையும் முற்றமும் வைத்த சின்ன நாட்டு ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. பத்திரச் செலவோடு 21 லட்சம். 2024 வைகாசியில் வாங்கிவிட்டேன்.

பத்திர விஷயத்தில் மட்டும் உஷாராக இருந்தேன். எங்கள் பக்கம் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. அதனால் பழைய வீடுகளின் மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருப்பது உண்டு. இந்த வீட்டுக்கும் அப்படித்தான். தெரிந்தவரிடம் கொடுத்து வரிக்கு வரி தமிழில் எழுதி வாங்கினேன். வில்லங்கச் சான்றிதழ், கொம்யூன் பஞ்சாயத்து வீட்டு வரி, கரன்ட் பில் பாக்கி எல்லாம் பார்த்தேன். பார்க்காமல் விட்டது வீட்டைத்தான்!

மேஸ்திரி 60 வயதைத் தாண்டியவர். சுற்றிப் பார்த்துவிட்டு, ‘‘4 லட்சம் ஆகும் டீச்சர். ஆனா ஓட்டைப் பிரிச்சாத்தான் உள்ள என்னா இருக்குன்னு தெரியும்’’ என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் என் காதில் விழவே இல்லை. நோட்டில் ‘4 லட்சம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து வேலையை ஆரம்பித்தோம். இரண்டே மாதம், ஐப்பசிக்குள் முடிந்துவிடும் என்று நினைப்பு. கூரை வேலைக்கு வரவேண்டிய தச்சர் இதோ அதோ என்று இழுத்தார். ஆட்கள் சும்மா இருப்பானேன் என்று உள்சுவர் பூச்சை முதலில் முடிக்கச் சொன்னேன். அதுவும் சிமென்ட்டில்.

‘‘இது சுண்ணாம்புல கட்டுன சுவரும்மா. சுண்ணாம்புதான் ஒத்துக்கும். சிமென்ட் போட்டா உள்ள இருக்கிற ஓதம் வெளிய வர வழியில்லாம முட்டிக்கும்’’ என்றார் மேஸ்திரி. சுண்ணாம்பு காய நாளாகும், செலவும் கூட. ‘‘நான் சொல்றதைச் செய்யுங்க’’ என்றேன்.

கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது பின்கட்டு ஓட்டைப் பிரித்தார்கள். பனங்கைகளில் பாதி, தட்டினால் மாவாகக் கொட்டியது. கரையான். கணக்கில் 80,000 ரூபாய் ஏறியது. அந்த எரிச்சலில் நான் இருந்தபோதுதான் மேஸ்திரி, கூலி கொடுக்க 15,000 முன்பணம் கேட்டார். ‘‘சொன்ன தேதியில வேலையை முடிக்கலை, பணம் மட்டும் கரெக்டா கேக்குறீங்க’’ என்று வாசலில் நாலு பேர் பார்க்கச் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பின்கட்டுக்குக் கூரையே இல்லை, தார்ப்பாய் மட்டும்தான். இரவு முழுக்க நான் தூங்கவில்லை. மறுநாள் கரன்ட் இல்லை, போன் இல்லை. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். மூன்றாம் நாள்தான் வில்லியனூர் போய்ச் சேர முடிந்தது.

பின்கட்டில் தண்ணீர் நின்றது. தார்ப்பாய் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. ஆனால் நான் பயந்த அளவுக்குச் சேதம் இல்லை. சிமென்ட் மூட்டைகள் முன்கட்டுப் பரணில் இருந்தன. புதுக் கட்டைகள் செங்கல்மேல் தூக்கி அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்து வீட்டம்மா சொன்னார்: ‘‘சனிக்கிழமை காத்து அடிக்கிறப்பவே உங்க மேஸ்திரி மகனைக் கூட்டிக்கினு வந்து எல்லாத்தையும் மாத்தி, கயிறு போட்டுக் கட்டிட்டுப் போனாரு. அவரு வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணியாம், தெரியுமா?’’

எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நனைந்த அரிசியைக் கொடியில் போட்ட புடவையின் கீழே பாயில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். 15,000 ரூபாயை நீட்டி, ‘‘அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது’’ என்றேன். வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: ‘‘நோட்டுல எழுதிக்குங்க டீச்சர். ரெண்டு பேருக்கும் மறந்துடும்.’’

மார்கழியில் சுவர் தன் வேலையைக் காட்டியது. சிமென்ட் பூச்சு உப்புப் பூத்து, கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொண்டு வந்தது. தையில் அத்தனையையும் கொத்தி எடுத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்த சுண்ணாம்பில் மறுபடி பூசினோம். ஒரே சுவருக்கு இரண்டு செலவு. மாசிக் கடைசியில் வேலை முடிந்தபோது கணக்கு 6 லட்சத்து 20,000.

பங்குனியில் ஒரு குடும்பம் குடிவந்தது. வாடகை 9,000. கணவர் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டார். மொத்த முதல் 27 லட்சத்து 20,000, வருட வாடகை 1 லட்சத்து 8,000. நூற்றுக்கு 4 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. 7 சதவிகித வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் 1 லட்சத்து 90,000 வந்திருக்கும். மண்ணின் விலை ஏறும் என்று நான் சமாதானம் சொன்னேன். ஆனாலும் அவர் கணக்கு சரிதான். அதை மறைத்து, ‘நீங்களும் வாங்குங்கள்’ என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பழைய வீட்டை ஒருமுறையாவது மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கூரை வேலையைத் தையில் ஆரம்பித்து ஆடிக்குள் முடித்துவிடுங்கள். முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியில் தரை. மேஸ்திரி 4 லட்சம் என்றால் கையில் 6 லட்சம் இருக்கட்டும். எவ்வளவு வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்று முதலிலேயே பேசி, கொடுக்கக் கொடுக்க இருவரும் நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். கூலியைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.

போன ஐப்பசியில் அடைமழை பிடித்த அன்று, பள்ளி முடிந்ததும் நேராக வில்லியனூர் போனேன். குடியிருக்கிற வீட்டுச் சின்னப் பையன் பின்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வெளியே வந்து மேஸ்திரிக்குப் போன் போட்டேன். ‘‘ஒழுகலைங்க’’ என்றேன். ‘‘தெரியும் டீச்சர். காலையிலயே போய்ப் பாத்துட்டேன்’’ என்றார்.