தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டுமா?

கொங்குப் பக்கம் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பது பழைய வழக்கம். தென்னைக்கு நடுவே ஒரு வீடு, ஒட்டினாற்போல் மாட்டுக் கட்டுத்தரை, அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட, பல தோட்டங்களில் மிஞ்சியிருப்பது வயதான இரண்டு பேர்தான். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் இப்படித் தனித்திருந்த வீடுகளில் நடந்த கொலை, கொள்ளைகளுக்குப் பிறகு, 'ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?' என்ற பேச்சு பால் சொசைட்டியிலும் டீக்கடையிலும் அடிக்கடி வருகிறது.

காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. அவருக்கு வயது எழுபதுக்கு மேல். மகன் பெங்களூருவில். "ஒண்ணு துப்பாக்கி வாங்குங்க, இல்லைன்னா ரெண்டு பேரும் இங்க வந்துருங்கப்பா" என்று மகன் சொல்லிவிட்டார். பத்து உருப்படி மாட்டையும் நாலு ஏக்கர் தென்னையையும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. அதனால் என்னென்ன துப்பாக்கி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அவர் கண்ணில் முதலில் நின்றது அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி. நிலக்கடலைக் காட்டுக்குக் காவலாக உரிமத்தோடு வைத்திருந்தது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் இடித்து நிரப்ப வேண்டும். ஒரு தடவைதான் வெடிக்கும். மறுபடி நிரப்புவதற்குள் வந்தவன் தோட்டத்தைத் தாண்டிவிடுவான், அல்லது திண்ணைக்கு வந்துவிடுவான். ஈரம் பட்டால் மருந்து பற்றாது. அளவு மிஞ்சினால் குழலே வெடிக்கும். சத்தம் காட்டி விரட்டத்தான் அது உதவும்.

அடுத்தது பன்னிரண்டு போர் துப்பாக்கி. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று இரண்டு வகை. குழலை மடக்கித் தோட்டாவைப் போட்டு மூடினால் தயார். ஒற்றைக்குழலில் ஒரு வெடி, இரட்டைக்குழலில் இரண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எத்தனை அகலமோ அதுதான் குழலின் அகலம், சுமார் 18.5 மில்லிமீட்டர், பெயர் வந்ததும் அதனால்தான். ரவை விரிந்து போகும், குறி பார்க்க வேண்டியதில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஓர் அறைக்குள்ளான தூரத்தில் ரவை ஏறத்தாழ ஒரு கையகலம்தான் விரியும். குறி தவறினால் தவறியதுதான். நீளமான குழலை வைத்துக்கொண்டு வீட்டு நடையில் திரும்புவதே சிரமம். சுடும்போது பின்னால் இடிக்கிற இடியை வயதான தோள் தாங்க வேண்டும். பம்ப் ஆக்‌ஷன் வகையில் கூடுதல் தோட்டா பிடிக்கும்; ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளப் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது ரிவால்வர். கான்பூர் அரசு ஆலையில் செய்யும் .32 ரகம் நம் நாட்டில் பரவலாகத் தெரிந்தது. சிறியது, ஆறு குண்டு பிடிக்கும். குழல் குட்டை என்பதால் கை கொஞ்சம் நடுங்கினாலும் குறி எங்கோ போகும். மூன்று வகையில் அதிகப் பயிற்சி கேட்பது இதுதான். நகை, பணத்துக்கு அடுத்தபடியாகத் திருடன் தேடுகிற பொருளும் இதுவாகத்தான் இருக்கும்.

உரிமம் இல்லாமல் கிடைப்பது ஏர்கன். 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள சிறிய ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஆளைத் தடுக்க அது உதவாது. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் ஆபத்து.

சட்டத்திலும் வித்தியாசம் உண்டு. 1959 ஆயுதச் சட்டப்படி, பயிர்ப் பாதுகாப்புக்கு நாட்டுத் துப்பாக்கிக்கும், தற்காப்புக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள துப்பாக்கிக்கும் உரிமம் கேட்கலாம். ரிவால்வருக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். மனு மாவட்ட ஆட்சியருக்கு; மாநகரங்களில் காவல் ஆணையருக்கு. காவல்துறை விசாரணை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. உரிமம் இருந்தாலும் காட்டுப்பன்றியையோ மயிலையோ சுட முடியாது. 1972 வன உயிரினச் சட்டம் குறுக்கே நிற்கும்.

இரவில் வீடு உடைத்து நுழைகிறவனைத் தடுக்கும் உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகக் கேடு செய்யக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது.

இதையெல்லாம் அவர் சொல்லி முடித்ததும், கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்த அவர் மனைவி கேட்டார்: "ஏனுங்க மாமா, ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் கொலைச்சா, மொதல்ல கண்ணாடியத் தேடுவீங்களா, பீரோச் சாவியத் தேடுவீங்களா, தோட்டாவத் தேடுவீங்களா? வெளிய நிக்கறது பக்கத்துத் தோட்டத்துப் பையனா இருந்தா என்னங்க பண்றது?"

அவருக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் எல்லா வகைத் துப்பாக்கிக்கும் பொது. குழந்தைகள் வந்துபோகிற வீட்டில் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டி வைத்ததை அவசரத்தில் எடுப்பது கடினம். எடுக்க வசதியாக வைத்தால் திருடனுக்கும் குழந்தைக்கும் அதே வசதிதான்.

கடைசியில் அவர்கள் துப்பாக்கிக்கு மனுப் போடவில்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாளும் இரும்பு கிரில்லும் போட்டார்கள். களத்தைச் சுற்றி நாலு விளக்கு, சுவிட்ச் படுக்கைக்குப் பக்கத்தில். மின்சாரம் போனாலும் எரிய பேட்டரி விளக்கு ஒன்று. கட்டாமல் விட்ட இரண்டு நாய்கள். சுற்றியுள்ள ஐந்து தோட்டத்தாரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து, இரவில் சைரன் கேட்டால் எல்லாரும் விளக்கைப் போட்டுப் போன் செய்வது என்று பேசிக்கொண்டார்கள். 112 எண்ணும் 'காவல் உதவி' செயலியும் இரண்டு போனிலும் இருக்கின்றன. நகையை வங்கி லாக்கருக்குக் கொண்டுபோனதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

இவ்வளவு செய்த பிறகும் மகனுக்குப் பயம் தீரவில்லை. தினமும் இரவு ஒன்பதரைக்குப் போன் வருகிறது.

துப்பாக்கிதான் வேண்டும் என்று முடிவெடுக்கிறவர்கள், உரிமத்தோடும் முறையான பயிற்சியோடும் மட்டுமே இறங்க வேண்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்றால் அதற்குத் தனி எச்சரிக்கை: உரிமம் பெற்றவர் இறந்த பிறகு அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். காலம் கடத்தாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வாரிசு உரிமம் கேட்பதென்றால் அதற்குப் பிறகு கேட்கலாம்.