பொந்திவி: மூன்று கரைவழிகள் கூடும் ஊர்

பிரான்சின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி பிரிட்டனி. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரையோடு திரும்பிவிடுவார்கள். உள்நாட்டில், ஏறத்தாழ நட்டநடுவில் இருக்கும் பொந்திவி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சுமார் 15,000 பேர் வாழும் சிறு நகரம். ஊருக்குக் குறுக்கே பிளாவே ஆறு ஓடுகிறது. கார்கள் வராத சரளைப் பாதையில் நாள் முழுக்க சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவர்கள், பிரான்சில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் நான் இந்த ஊரைத்தான் சொல்வேன். வடமேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று என மூன்று நீர்வழிகள் இங்கே கூடுகின்றன. மூன்றுக்கும் கரைப்பாதை உண்டு.

ஊருக்குள் நடந்தால் இரண்டு பொந்திவிகள் தெரியும். வடக்கே பழைய ஊர். 15ஆம் நூற்றாண்டில் ரோவான் பிரபுக் குடும்பம் கட்டிய கோட்டை, மார்த்ரே சதுக்கம், அதைச் சுற்றி மரச்சட்டங்களுக்கு இடையே மண் அடைத்துக் கட்டிய வீடுகள். மேல்மாடிகள் தெருவுக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். நூல் தெரு என்றே ஒரு தெரு உண்டு. லினன் துணி வியாபாரம் கொழித்த காலத்தின் மிச்சம். தெற்கே நாலடி வைத்தால் எல்லாம் மாறிவிடும். நூல் பிடித்தது போல நேர்த்தெருக்கள், நீதிமன்றம், படைமுகாம், அணிவகுப்புக்கென்று விடப்பட்ட பெரிய மைதானம். இது நெப்போலியன் போட்ட ஊர். அவர் ஆட்சியிலும், பிறகு மூன்றாம் நெப்போலியன் ஆட்சியிலும் இந்த நகரத்துக்கு நெப்போலியன்வில் என்றே பெயர்.

பொந்திவியின் மேல் பேரரசருக்கு ஏன் இத்தனை அக்கறை? ஆங்கிலேயக் கப்பற்படைதான் காரணம். பிரான்சின் பெரிய போர்த்துறைமுகமான பிரெஸ்டை அது கடல்வழியே முற்றுகையிட்டு, சரக்குக் கப்பல்களை மடக்கிக்கொண்டிருந்தது. கடலைத் தொடாமலே நாந்த் நகரிலிருந்து பிரெஸ்ட் வரை பொருள் கொண்டுபோக ஒரு வழி வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் நாந்த்–பிரெஸ்ட் கால்வாய். நீளம் சுமார் 360 கிலோமீட்டர். படகை ஏற்றி இறக்கும் பூட்டு மதகுகள் 230க்கும் மேல். 1811ல் தொடங்கிய வேலை 1842ல்தான் முடிந்தது. மேற்கே குளோமெல் மேட்டை வெட்ட, பிரெஸ்ட் சிறையிலிருந்து தண்டனைக் கைதிகளைக் கொண்டுவந்து முகாம் போட்டார்கள். 1823 முதல் 1832 வரை அவர்கள் மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் அந்த மேட்டைப் பிளந்தார்கள். இன்று அதன் விளிம்பில் மர நிழலில் சைக்கிள் ஓட்டிச் செல்பவர், அந்தப் பள்ளத்தின் ஆழத்தை ஒரு முறையாவது நின்று பார்க்க வேண்டும்.

கால்வாய் முடிவதற்குள் நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை. கற்பலகை, சுண்ணாம்பு, மணல், தானியம் ஏற்றிய படகுகள் சில தலைமுறைகள் ஓடின. ரயில் 1864லேயே பொந்திவிக்கு வந்துவிட்டது. பிறகு லாரி வந்தது. சரக்குப் படகுகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆனால் படகை இழுத்துச் சென்ற குதிரைகளுக்கும் மனிதர்களுக்கும் போட்ட கரைப்பாதை அப்படியே இருந்தது.

அந்தப் பாதையின் அருமை அதன் மட்டத்தில் இருக்கிறது. தண்ணீர் சரிவில் நிற்காது. எனவே கால்வாயை ஏணிப்படி போலக் கட்டினார்கள்: ஒரு மதகுக்கும் அடுத்த மதகுக்கும் இடையே தண்ணீர் சமமட்டம், ஏற்றம் முழுவதும் மதகு இருக்கும் இடத்தில். கரைப்பாதையும் அதையே பின்பற்றுகிறது. நெடுந்தூரம் சமதளம், மதகு வந்ததும் நாலைந்து மிதி அழுத்தி மிதித்தால் ஏறிவிடலாம், மறுபடி சமதளம். மூச்சு வாங்காமல் மலைநாட்டைக் கடக்கும் வழி இது. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே வேகத்தில் சேர்ந்து போகலாம்.

கார் வராததற்கும் இந்த வரலாறுதான் காரணம். கரை எப்போதும் பொதுச்சொத்து. நீர்வழியைப் பராமரிக்கிறவர்களின் வண்டி தவிர மற்ற மோட்டார் வாகனங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. நடப்பவர், சைக்கிளில் போகிறவர், குதிரையில் போகிறவர் ஆகியோருக்கு மட்டுமான ‘பச்சை வழி’ என்ற பாதை வகையைப் பிரெஞ்சுப் போக்குவரத்துச் சட்டம் 2004ல் முறைப்படி சேர்த்துக்கொண்டது. பழைய கால்வாய்க் கரைகளும் கைவிடப்பட்ட ரயில் தடங்களும் நாடெங்கும் இந்த வகைக்குள் வந்துகொண்டிருக்கின்றன.

பொந்திவியிலிருந்து கிழக்கே போகும் வழி முதலில் மேடேறுகிறது. இல்வேர்ன் என்னும் உச்சி மட்டத்தை எட்டும் வரை மதகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். உச்சியில் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? வடக்கே ஒரு நீர்த்தேக்கம் கட்டி, அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து 60 கிலோமீட்டருக்கும் மேல் ஒரு சிறு வாய்க்கால் வெட்டினார்கள். அந்த வாய்க்கால் கரையும் இப்போது நடக்க, சைக்கிள் ஓட்டத் திறந்திருக்கிறது. உச்சியைத் தாண்டியதும் ரோவான் கிராமத்தை நோக்கி இறக்கம். பிறகு ஊஸ்ட் ஆற்றோடு சேர்ந்து போனால், பொந்திவியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் ஜோஸ்லான் கோட்டையின் மூன்று கோபுரங்கள் தண்ணீரை ஒட்டி எழுந்து நிற்கும். ரோவான் குடும்பத்தார் இன்றும் அங்கே வசிக்கிறார்கள். அதையும் தாண்டினால் மாலெத்ருவா, ரெதோன், கடைசியில் நாந்த்.

வடமேற்கு வழி கெர்லெதான் அணையில் போய் முட்டுகிறது. 1923க்கும் 1930க்கும் இடையே மின்சாரத்துக்காகக் கட்டிய இந்த அணை, கால்வாயை இரண்டாகத் துண்டித்தது. பதினேழு மதகுகளுக்குக் குறையாமல் ஏரிக்குள் மூழ்கின. 2015ல் பராமரிப்புக்காக ஏரியை வற்றவிட்டபோது, மதகுகளும் மதகுக்காரர் வீடுகளின் சுவர்களும் சேற்றுக்கு மேலே தெரிந்தன. பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். கால்வாய்ப் பாதை அறுந்த இந்த இடத்தில் சைக்கிள்காரருக்குக் கைகொடுப்பது பழைய ரயில் தடம். தண்டவாளங்களை எடுத்துவிட்டு, மூர் த பிரெத்தாஞ் ஊர் வழியாகக் கரே நகரம் வரை போகும்படி பச்சை வழியாக்கியிருக்கிறார்கள். ரயிலும் செங்குத்தாக ஏறாது என்பதால் இதுவும் காலுக்கு இதமான பாதை. ஏரியின் மேற்கு முனையில், 1184ல் நிறுவிய போன் ரெப்போ மடத்தருகே கால்வாய் மீண்டும் வந்து சேர்ந்துகொள்ளும்.

மூன்றிலும் எனக்கு நெருக்கமானது தெற்கு வழி. பிளாவே ஆற்றை ஒட்டி, 28 மதகுகள் தாண்டி, 60 கிலோமீட்டர் தொலைவில் என்போன் ஊரை அடைகிறது. வழியில் பாறைக்கு அடியில் ஒண்டியிருக்கும் சான் கில்தாஸ் என்ற சிறு தேவாலயம் உண்டு. அங்கே மணியாகப் பயன்பட்ட கல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். தட்டினால் வெண்கலம் போலக் கணீரென்று ஒலிக்கும். என்போனுக்குக் கீழே ஆறு கடல் சேரும் இடத்தில் இருக்கிறது லோரியான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1666ல் எழுந்த துறைமுகம் அது. புதுச்சேரிக்குக் கப்பல்கள் புறப்பட்டதும், சோழமண்டலக் கரையின் துணிகள் வந்து இறங்கியதும் அங்கேதான். எதிர்க்கரையில் போர் லூயி கோட்டைக்குள் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. தமிழர் ஒருவர் இந்தப் பாதையில் வந்தால் பயணத்தை அங்கே முடிப்பது பொருத்தம்.

பிரிட்டனி சைக்கிளைக் கொண்டாடும் மண். 1947ல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ழான் ரோபிக், பொந்திவிக்கும் ஜோஸ்லானுக்கும் நடுவே உள்ள ராதெனாக் கிராமத்தில் வளர்ந்தவர். 2021ல் அந்தப் பந்தயத்தின் மூன்றாம் நாள் பொந்திவியில் முடிந்தது. குறுகிய சாலைகளில் வீரர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். மறுநாள் ரெதோனிலிருந்து கிளம்பியவர்கள், பாதுகாப்பில்லாத பாதைகளைக் கண்டித்துச் சற்று நேரம் சைக்கிளை நிறுத்தி நின்றார்கள். பொந்திவியையும் ரெதோனையும் யாரும் விழாமல், யாரையும் முந்தாமல் இணைக்கும் இந்தக் கால்வாய்க் கரை அன்றும் அங்கேதான் இருந்தது.

வருகிறவர்களுக்குச் சில சொற்கள். பாரிஸிலிருந்து ரென் நகருக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பொந்திவிக்குப் பேருந்து. பாதை பெரும்பாலும் இறுக்கி மட்டம் செய்த மணலும் பொடிச்சரளையும். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் இதற்கு ஆகாது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் வேண்டும். மழைக்குப் பின் அந்த மணல் சங்கிலியில் ஒட்டி அரைக்கும், எனவே துடைக்கத் துணியும் எண்ணெயும் கையோடு இருக்கட்டும். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். கரையோரம் நெடுந்தூரத்துக்குக் கடை இராது, ஞாயிற்றுக்கிழமை கிராமங்கள் அடைத்துக் கிடக்கும்; தண்ணீரும் ரொட்டியும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் ஊர் திரும்பினால், பக்வீட் மாவில் வார்த்த, முட்டையும் பாலாடைக்கட்டியும் மடித்த கலெத் சுடச்சுடக் கிடைக்கும்.

இந்தப் பாதைகளுக்கெல்லாம் தார் போட்டுவிடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சரளை வேகத்தைத் தானே மட்டுப்படுத்துகிறது. மழைநீரை மண்ணுக்குள் விடுகிறது. டயர் உரசும் சத்தமே, பின்னால் ஒருவர் வருகிறார் என்று முன்னால் நடப்பவருக்குச் சொல்லிவிடுகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காக ஊரை ஒட்டிய பகுதிகளை மட்டும் இன்னும் வழுவழுப்பாக்கினால் போதும்.

பயன் தீர்ந்துவிட்டது என்று இந்தக் கரைகளைக் கூறுபோட்டு விற்றிருந்தால் இன்று வேலிகளும் வீட்டுமனைகளும்தான் மிஞ்சியிருக்கும். படகுகள் நின்ற பிறகும் பொதுநிலத்தைப் பொதுநிலமாகவே வைத்திருந்தார்கள். அதனால்தான் பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஒரு குழந்தை, பெற்றோர் கை பதறாமல், பக்கத்து ஊர் வரை தனியே சைக்கிள் மிதித்துப் போக முடிகிறது. பொந்திவி எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்: கைவிடப்பட்ட ஒரு நீர்வழியைக் காப்பாற்றி வைக்கும் ஊருக்கு, நல்ல பாதை தானாக வந்து சேரும்.