எந்த ஊர்? எந்தத் தாலுகா?

திருநெல்வேலி ஜங்ஷனில் தென்காசி ரயில் ஏறினால், ஜன்னல் ஓரத்து இடத்தை யாருக்கும் விட்டுக் கொடுத்துவிடாதீர்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டி, அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி வரும். அடுத்து அம்பாசமுத்திரம் போவதற்குள் ரயில் தாமிரபருணியைக் கடக்கிறது. இரு கரையிலும் வயல், மேற்கே மலை. அந்த மலைமேல்தான் மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு நிலம் வாங்கி, பம்பாய் பர்மா கம்பெனி தேயிலை போட்ட இடம்.

மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஓர் ஆச்சியைச் சந்தித்தேன். ஊரில் அவருக்குச் 'சிலோன் ஆச்சி' என்று பெயர். மாஞ்சோலையில் தேயிலை வருவதற்கு முன்பே அவருடைய பாட்டனார் கங்காணியின் பின்னால் கடல் கடந்து, கண்டிச் சீமையில் தேயிலை நடப் போனவர். ஆச்சி பிறந்ததும் தோட்டத்து லயத்தில்தான்.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே வந்த பிரஜா உரிமைச் சட்டம், தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். நம் வீட்டில் தீபாவளிப் புடவையைப் பங்கிடுவதென்றால்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவோம்!

மனுப் போடச் சொன்னபோது, இலங்கையைக் கேட்டவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர். இந்தியாவைக் கேட்டவர்கள் சுமார் 4 லட்சம். ஆச்சியின் தகப்பனார் இந்தியாவைக் கேட்டார். கல்யாணமாகிப் போயிருந்த அக்காளின் புகுந்த வீட்டார் இலங்கையைக் கேட்டார்கள்.

கண்டியில் இந்திய உதவி ஹைகமிஷனர் ஆபீஸில் விசாரணை. "விடியுமுன்னே லயத்தைவிட்டு எறங்கிட்டோம். ஆபீசர் கேட்டதிலே ரெண்டு கேள்விதான் ஞாபகம் இருக்கு. எந்த ஊர்? எந்தத் தாலுகா?" என்றார் ஆச்சி.

தகப்பனார் இந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டனார் சொல்லிக் கொடுத்திருந்ததை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்: "அம்பாசமுத்திரம் தாலுகா, திருநெல்வேலி ஜில்லா." 14 வயதுப் பெண்ணை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாமில் குடும்ப அட்டை. அதோடு இங்கே வந்து இறங்கினால், நிலமும் இல்லை, அடையாளம் கண்டுகொள்ள உறவும் இல்லை. கொழுந்து பறித்த கை நாற்று நடக் கற்றுக்கொண்டது.

"அங்கே எங்களை இந்தியாக்காரங்கன்னாங்க. இங்கே வந்தா சிலோன்காரிங்கிறாங்க" என்று சொல்லி ஆச்சி சிரித்தார்.

அக்காளோ வெகு காலம் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமலே இருந்தாளாம். எஞ்சி நின்ற நாடற்றவர்களுக்கு இலங்கை 2003-ல்தான் தனிச் சட்டம் போட்டுப் பிரஜா உரிமை வழங்கியது. இதற்கிடையில் 1980-களில் போர் மூண்டு, ராமேஸ்வரத்துக் கப்பலும் நின்றுபோயிற்று. சகோதரிகள் பிரிந்தது பிரிந்ததுதான்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதும், ஆச்சி பேரனைக் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

"பொறந்த இடம் எதுன்னு இந்தத் தடவை என்னையத்தான் கேட்டாங்க. கண்டின்னு நானே சொன்னேன்" என்றார்.

அக்காளுக்குக் கொண்டுபோகக் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு வாங்கிப் பானையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.